அணு உலைக் கணக்கீடுகளில் பயன்படும் அணுக்கருத் தரவைச் சரிபார்ப்பது எப்படி?

ஓர் அணு உலையின் நியூட்ரான் பெருக்கக் காரணியை (ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்ற எண்; தொடர்வினை தானே நிலையாக நடந்தால் அது 1) கணினியில் கணக்கிட்டு, அது சோதனையில் கிடைத்த மதிப்போடு 100 பிசிஎம் இடைவெளிக்குள் பொருந்திவிட்டால், பயன்படுத்திய தரவு சரியானது என்று முடிவுகட்டத் தோன்றும். ஒரு பிசிஎம் என்பது பெருக்கக் காரணியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. எனவே 100 பிசிஎம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இருந்தும் அந்த முடிவு பெரும்பாலும் அவசரமானது. பிளவுக் குறுக்குவெட்டு (நியூட்ரான் மோதி அணுக்கரு பிளவுபடும் வாய்ப்பின் அளவு) சற்றுக் கூடுதலாகவும், ஒரு பிளவில் வெளிவரும் சராசரி நியூட்ரான் எண்ணிக்கை சற்றுக் குறைவாகவும் தரவுக் கோப்பில் பதிவாகியிருந்தால், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு விடை 1.000 என்றே வந்து நிற்கும். வேறு ஆற்றல் நிறமாலை (எந்தெந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான்கள் என்ற பங்கீடு) கொண்ட உலைக்கு அதே கோப்பை எடுத்துச் செல்லும்போதுதான் அவை வெளியே தலைகாட்டும். ஆகவே தரவைச் சரிபார்ப்பவரின் வேலை பொருத்தத்தைக் காட்டுவதைவிட, அந்தப் பொருத்தம் எதனால் வந்தது என்று தோண்டிப் பார்ப்பதிலேயே அதிகம் இருக்கிறது.

முதலில் கேள்வியை எழுதிவையுங்கள்

"தரவு சரியா?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்த உலைக்கு, எந்த அளவைக் கணக்கிட, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற மூன்றும் முடிவானால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டாகும். குறைந்த செறிவூட்டல் கொண்ட யுரேனியம் ஆக்சைடு எரிபொருளும் நீரும் சேர்ந்த வெப்ப உலைகளில் (மெதுவான நியூட்ரான்களால் இயங்குபவை) நன்றாகத் தேறிய தரவு, சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக உலைக்கும் (வேக நியூட்ரான்களால் இயங்குவது) பொருந்தும் என்று கொள்ள முடியாது; வேக உலையில் முன்வரிசைக்கு வரும் யுரேனியம்-238இன் மீட்சியற்ற சிதறல் (நியூட்ரான் தன் ஆற்றலில் ஒரு பகுதியை அணுக்கருவுக்குள் விட்டுவிட்டுச் சிதறுவது), வெப்ப உலைச் சோதனைகளில் மிகக் குறைவாகவே உரசிப் பார்க்கப்படுகிறது. அதேபோல் பெருக்கக் காரணிக்குத் தேறிய தரவு, கவசச் சுவருக்கு அப்பால் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடவும் தேறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வியோடு சேர்த்து, தரவு கடந்துவரும் பாதையையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆய்வகங்களில் அளக்கப்பட்ட மதிப்புகள் எக்ஸ்ஃபோர் என்ற பன்னாட்டுத் தரவுதளத்தில் சேர்கின்றன. அவற்றையும் அணுக்கரு மாதிரிகளின் கணிப்புகளையும் எடைபோட்டு வல்லுநர்கள் ஒரு மதிப்பீட்டுக் கோப்பை உருவாக்குகிறார்கள். அப்படிப்பட்ட கோப்புகளின் தொகுப்புகளாகத்தான் அமெரிக்காவின் ஈஎன்டிஎஃப்/பி-8.0 (2018), அதன் அடுத்த பதிப்பான 8.1 (2024), ஐரோப்பாவின் ஜெஃப்-3.3 (2017), ஜப்பானின் ஜெண்டல்-5 (2021) ஆகியவை வெளிவந்துள்ளன. மதிப்பீட்டுக் கோப்பு பின்னர் என்ஜாய் போன்ற ஒரு பதப்படுத்தும் நிரலின் வழியாக, உங்கள் கணக்கீட்டு நிரல் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. பிழை இந்தப் பாதையில் எந்த இடத்திலும் நுழையலாம். எந்த இடத்தில் நுழைந்தாலும் இறுதியில் பழி தரவின் மேல்தான் விழுகிறது. தொகுப்பின் பதிப்பு எண், பதப்படுத்திய நிரலின் பதிப்பு எண், வெப்பநிலை, பதப்படுத்தலில் அனுமதித்த பிழைவரம்பு ஆகியவற்றை முதல் நாளிலேயே குறித்துவைக்காதவர், ஆறு மாதம் கழித்துத் தம் கணக்கைத் தாமே மறுபடி போட முடியாமல் திண்டாடுவார்.

கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள்

மதிப்பீட்டுக் கோப்பு 80 எழுத்துகள் கொண்ட வரிகளால் ஆனது. முதல் 66 இடங்களில் பதினொரு இடத்துக்கு ஒன்றாக ஆறு எண்கள். 67 முதல் 70 வரை பொருளின் எண். 71, 72இல் கோப்புப் பிரிவு. 73 முதல் 75 வரை வினையின் எண். யுரேனியம்-235க்குப் பொருள் எண் 9228, யுரேனியம்-238க்கு 9237, புளுட்டோனியம்-239க்கு 9437. வினை எண் 18 பிளவையும், 102 நியூட்ரான் பிடிப்பையும், 2 மீட்சிச் சிதறலையும் குறிக்கும். எண்களை 1.000000+3 என்று, அடுக்கைக் குறிக்கும் எழுத்தே இல்லாமல் எழுதியிருப்பார்கள். அதன் பொருள் 1,000. அவசரத்தில் எழுதிய சிறு நிரல்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அடுத்த தடுக்கல் இன்னும் நயமானது. குறுக்குவெட்டுகள் மூன்றாம் பிரிவில் இருக்கும் என்று படித்துவிட்டு, யுரேனியம்-235இன் பிளவுக் குறுக்குவெட்டை அங்கிருந்து நேரடியாக வரைபடமாக்கினால், குறைந்த ஆற்றல் பகுதியில் கோடு ஏறக்குறையத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. ஒத்ததிர்வுப் பகுதியில் (குறிப்பிட்ட சில ஆற்றல்களில் குறுக்குவெட்டு கூர்மையாக உயரும் பகுதி) உண்மையான மதிப்பு இரண்டாம் பிரிவிலுள்ள ஒத்ததிர்வு அளபுருக்களிலிருந்து மீட்டெடுக்கப்பட வேண்டியது. மூன்றாம் பிரிவில் இருப்பது அதனோடு கூட்ட வேண்டிய பின்னணி மட்டுமே. என்ஜாய் நிரலின் ரீகான்ஆர் என்ற பகுதி இந்த மீட்டெடுப்பைச் செய்கிறது.

மீட்டெடுத்த பின் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. 0.0253 எலக்ட்ரான் வோல்ட்டில் யுரேனியம்-235இன் பிளவு 585 பார்னை (பார்ன் என்பது குறுக்குவெட்டின் அலகு) ஒட்டியும், அதன் பிடிப்பு 99 பார்னை ஒட்டியும், ஹைட்ரஜனின் பிடிப்பு 0.332 பார்னாகவும், போரான்-10இன் ஆல்பா உமிழ்வு வினை 3,840 பார்னை ஒட்டியும் இருக்க வேண்டும். தனித்தனி வினைகளின் கூட்டுத்தொகை மொத்தக் குறுக்குவெட்டுக்குச் சமமாக வேண்டும். எந்த இடத்திலும் எதிர்ம மதிப்பு வரக் கூடாது. தொடக்க ஆற்றல் தேவைப்படும் வினைகள் அந்த ஆற்றலுக்குக் கீழே சுழியமாக இருக்க வேண்டும். பிறகு எக்ஸ்ஃபோரிலிருந்து அளவீட்டுப் புள்ளிகளை எடுத்து அதே வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு புள்ளிகளின் நடுவே செல்கிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கிச் செல்கிறதா என்பதைக் காட்டுவதில் எந்தப் புள்ளியியல் சோதனையையும்விடக் கண் விரைவானது.

பதப்படுத்தலில் நுழையும் பிழைகள்

வெப்பநிலை ஏறும்போது எரிபொருளின் அணுக்கருக்கள் அதிரும் வேகமும் ஏறுவதால், ஒத்ததிர்வு முகடுகள் தாழ்ந்து அகலமாகின்றன. இதுவே டாப்ளர் விரிவு. இது சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க யுரேனியம்-238இன் முதல் ஒத்ததிர்வைவிட நல்ல இடம் இல்லை. அது 6.67 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. 0 கெல்வினில் அதன் பிடிப்பு முகடு 20,000 பார்னைத் தாண்டி நிற்கும். 300 கெல்வினுக்கு விரிவாக்கியபின் ஏறத்தாழ 7,000 பார்னுக்கு இறங்கும். முகடு இப்படி மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தாலும் அதன் கீழுள்ள பரப்பு ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். பரப்பும் சேர்ந்து குறைந்திருந்தால், ஆற்றல் புள்ளிகள் போதிய நெருக்கமாக எடுக்கப்படவில்லை என்று பொருள். மீட்டெடுப்புப் பிழைவரம்பாக 0.1 விழுக்காட்டை வைப்பது வழக்கம். கணினி நேரத்தை மிச்சப்படுத்த இதைத் தளர்த்துவது வீண் சிக்கனம்.

வெப்பநிலையில் கவனக்குறைவுக்கு விலை அதிகம். இயங்கும் உலையின் எரிபொருள் 900 கெல்வினில் இருக்கும்போது, கைக்குக் கிடைத்த 300 கெல்வின் கோப்பைக் கொண்டு கணக்கிட்டால், யுரேனியம் ஆக்சைடு எரிபொருளில் 1,000 பிசிஎம்-ஐத் தாண்டிய பிழை எளிதில் வந்துவிடும். தரவுகளுக்கிடையே நாம் தேடும் வேறுபாடுகள் எல்லாம் இதற்கு முன்னால் தூசு.

நீர், கிராஃபைட் போன்ற தணிப்பான்களுக்கு (நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பவை) இன்னொரு கோப்பும் தேவை. வெப்ப ஆற்றலில் உள்ள நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் தனி அணுவாகத் தெரிவதில்லை. நீர் மூலக்கூறோடு பிணைந்த ஒன்றாகத் தெரிகிறது. அந்தப் பிணைப்பைச் சொல்லும் வெப்பச் சிதறல் கோப்பு ஏழாம் பிரிவில் தனியாக வருகிறது. கிராஃபைட்டுக்கு ஈஎன்டிஎஃப்/பி-8.0 மூன்று வகைகளைத் தருகிறது: முழுப் படிகம், 10 விழுக்காடு நுண்துளை கொண்டது, 30 விழுக்காடு நுண்துளை கொண்டது. எதைத் தேர்ந்தீர்கள் என்பதை எழுதிவைக்காத அறிக்கையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

இதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். நீரில் மூழ்கிய எரிபொருள் தண்டு அடுக்குகள் சிலவற்றைக் கணக்கிட்டபோது, எல்லா விடைகளும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு விலகி நின்றன. தரவுத் தொகுப்பில் குறை கண்டுவிட்டதாக இரண்டு வாரம் மகிழ்ந்திருந்தேன். கடைசியில், அறை வெப்பநிலைச் சோதனைகளுக்கு உள்ளீட்டுக் கோப்பில் 350 கெல்வினுக்கான வெப்பச் சிதறல் கோப்பை நானே அழைத்திருந்தது தெரிந்தது. எல்லாச் சோதனைகளும் ஒரே மாதிரி விலகினால், இயற்பியலைச் சந்தேகிக்கும் முன் அவை அனைத்துக்கும் பொதுவான உள்ளீட்டு வரிகளைச் சந்தேகிக்க வேண்டும்.

பெஞ்ச்மார்க்குகளைத் தேர்ந்தெடுத்தல்

பெஞ்ச்மார்க் என்பது, கணக்கீட்டை ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோலாக ஆவணப்படுத்திய சோதனை. ஓஈசிடி அணுசக்தி முகமையின் கீழ் தொகுக்கப்படும் ஐசிஎஸ்பெப் கையேட்டில் மாறுநிலை (தொடர்வினை தானே நிலைத்து நடக்கும் நிலை) சோதனை அமைப்புகள் சுமார் 5,000 இடம்பெற்றுள்ளன. உலை இயற்பியல் சோதனைகளுக்கு ஐஆர்ஃபெப் என்ற துணைத்தொகுப்பும், கவசச் சோதனைகளுக்கு சின்பாட் என்ற தொகுப்பும் உண்டு. ஐசிஎஸ்பெப் ஒவ்வோர் அமைப்பின் பெயரையும் எரிபொருள், அதன் வடிவம், நியூட்ரான் நிறமாலை என்ற வரிசையில் சூட்டுகிறது. உயர்செறிவு யுரேனியம், உலோகம், வேகம் என்ற தலைப்பின் முதல் எண்தான் லாஸ் அலமோஸில் 1950களில் கட்டப்பட்ட காடைவா கோளம்.

எத்தனை அமைப்புகளைக் கணக்கிட்டோம் என்பது பெருமைக்குரிய எண் அல்ல. ஒரே ஆய்வகத்தில், அதே எரிபொருள் தண்டுகளைக் கொண்டு, தண்டுகளின் இடைவெளியை மட்டும் மாற்றிச் செய்த இருபது சோதனைகள் இருபது சாட்சிகள் ஆகா; எரிபொருளின் செறிவூட்டலை அளந்ததில் ஒரு பிழை இருந்தால் அது இருபதிலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வெவ்வேறு ஆய்வகங்களில் நடந்த ஐந்து சோதனைகள் அவற்றைவிட எடை கூடியவை. கையேட்டில் நிச்சயமின்மை மிகச் சிறிதாகக் கொடுக்கப்பட்ட சோதனைகளை மட்டும் பொறுக்குவதும் சரியான வழி அல்ல. எவ்வாறு அந்த நிச்சயமின்மை கணக்கிடப்பட்டது என்று, அந்தச் சோதனைக்கான கையேட்டுப் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டே நம்ப வேண்டும்.

உங்கள் உலைக்கு எந்தச் சோதனை நெருக்கமானது என்பதைப் பார்வையால் தீர்மானிக்காமல், உணர்திறன் கெழுக்களைக் கொண்டு தீர்மானிப்பது மேல். ஒரு குறுக்குவெட்டு 1 விழுக்காடு மாறினால் பெருக்கக் காரணி எத்தனை விழுக்காடு மாறும் என்பதே உணர்திறன் கெழு. இரண்டு அமைப்புகளின் கெழுக்களையும் தரவின் உடன்மாறுபாட்டையும் (தரவின் நிச்சயமின்மைகளும் அவற்றுக்கிடையேயான தொடர்பும்) இணைத்து ஒற்றுமைக் குறியீடு ஒன்றைக் கணிக்க ஸ்கேல் என்ற கணக்கீட்டு நிரல் தொகுப்பிலுள்ள சுனாமி நிரல் உதவுகிறது, குறியீடு 0.9க்கு மேல் இருந்தால் நெருங்கிய உறவு என்றும், 0.8க்குக் கீழே போனால் அந்தச் சோதனையால் பெரும் பயன் இல்லை என்றும் கொள்வது நடைமுறை.

ஒரு சோதனையை முழுமையாகச் செய்து பார்த்தல்

காடைவாவையே எடுத்துக்கொள்வோம். கையேட்டின் எளிய மாதிரி 8.7407 சென்டிமீட்டர் ஆரமும், கனசென்டிமீட்டருக்கு 18.74 கிராம் அடர்த்தியும் கொண்ட வெற்றுக் கோளம். முதலில் காகிதத்தில் நிறையைக் கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 52.4 கிலோகிராம் வர வேண்டும். இந்த ஒரு வரிக் கணக்கு, ஆரத்துக்குப் பதில் விட்டத்தை இட்டுவிடும் தவறை அங்கேயே பிடித்துவிடும். பெஞ்ச்மார்க் பெருக்கக் காரணி 1.000, அதன் நிச்சயமின்மை 0.001.

மான்டி கார்லோ நிரலில் (நியூட்ரான்களின் பயணத்தைத் தற்செயல் எண்களைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பின்தொடரும் நிரல்) ஒரு சுற்றுக்கு 1 லட்சம் நியூட்ரான்கள் வீதம், தொடக்கச் சுற்றுகளைக் கழித்துவிட்டு 500 சுற்றுகளை எண்ணினால், புள்ளியியல் திட்டவிலக்கம் 10 பிசிஎம் அளவுக்கு இறங்கும். இந்தச் சிறிய கோளத்தில் பிளவுகள் நிகழும் இடங்களின் பரவல் சில சுற்றுகளிலேயே நிலைப்பட்டுவிடும். பெரிய உலை மையத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஆகலாம் என்பதால், அங்கே அந்தப் பரவல் நிலைப்பட்டுவிட்டதா என்று காட்டும் என்ட்ரோபி வரைபடத்தைப் பார்க்காமல் தொடக்கச் சுற்றுகளின் எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது. விடை 1.0012 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். விலகல் 120 பிசிஎம். சோதனையின் 100 பிசிஎம்-ஐயும் கணக்கீட்டின் 10 பிசிஎம்-ஐயும் வர்க்கங்களின் கூட்டலாகச் சேர்த்தால் மொத்த நிச்சயமின்மை 100.5 பிசிஎம். விலகல் அதில் 1.2 மடங்கு மட்டுமே. இதைக் கொண்டு தரவின் மேல் எந்தக் குற்றமும் சாட்ட முடியாது. கணக்கீட்டை இன்னும் நூறு மடங்கு நேரம் ஓட்டினாலும் நிலைமை மாறாது, ஏனெனில் தடை சோதனையின் பக்கம் இருக்கிறது.

விடை 1.0000 என்று வந்தாலோ இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காடைவாவும், ஏறத்தாழ 17 கிலோகிராம் புளுட்டோனியக் கோளமான ஜெசபெலும் உலகறிந்த சோதனைகள். மதிப்பீட்டாளர்கள் தம் கோப்பை வெளியிடும் முன் இவற்றோடு பொருத்திப் பார்த்து, நிச்சயமின்மைக்கு உட்பட்டுச் சில அளவுகளைத் திருகியிருப்பார்கள். வினாத்தாளை முன்கூட்டிப் பார்த்த மாணவனின் மதிப்பெண் போன்றது அந்தப் பொருத்தம். ஒரு பிளவில் வெளிவரும் சராசரி நியூட்ரான் எண்ணிக்கையை 0.1 விழுக்காடு மாற்றினால் பெருக்கக் காரணி ஏறக்குறைய 100 பிசிஎம் மாறும் என்பதால், இந்தத் திருகலுக்கு அதிக இடமும் தேவைப்படுவதில்லை.

பெருக்கக் காரணிக்கு அப்பால்

மறைந்த பிழைகளை வெளிக்கொண்டுவர, பெருக்கக் காரணியோடு சேராத வேறு அளவுகளை அதே அமைப்பில் ஒப்பிட வேண்டும். அவற்றில் மிகவும் பயனுள்ளது நிறமாலைக் குறியீடு. யுரேனியம்-238 ஏறத்தாழ 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான் குறிப்பிடத்தக்க அளவில் பிளவுபடும். யுரேனியம்-235 எந்த ஆற்றலிலும் பிளவுபடும். இரண்டின் பிளவு வீதங்களையும் கோளத்தின் மையத்தில் அளந்து வகுத்தால், அங்கே வேக நியூட்ரான்களின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். காடைவாவில் இந்த விகிதம் 0.164 அளவிலும், ஜெசபெலில் 0.213 அளவிலும் அளக்கப்பட்டுள்ளது. பெருக்கக் காரணி பொருந்தி, இந்த விகிதம் விலகினால், பிளவு நியூட்ரான் நிறமாலையோ மீட்சியற்ற சிதறலோ தவறாக இருந்து, வேறொரு அளவு அந்தத் தவறை ஈடுகட்டுகிறது என்று ஊகிக்கலாம்.

இரண்டாவது வழி, ஒரே அணுக்கருவுக்கு இரண்டு தொகுப்புகள் தரும் பகுதிகளை மாற்றிப் பொருத்துவது. ஈஎன்டிஎஃப்/பி-8.0 கோப்பிலுள்ள யுரேனியம்-235இன் மீட்சியற்ற சிதறலை எடுத்துவிட்டு, அங்கே ஜெஃப்-3.3இன் பகுதியை வைத்துக் காடைவாவை மறுபடி கணக்கிடுங்கள். பிறகு பிளவு நிறமாலையையும், பிறகு பிடிப்பையும் தனித்தனியே மாற்றுங்கள். முழுக் கோப்புகள் இரண்டும் 1.000க்கு அருகே நின்றிருக்கும். ஆனால் ஒரு பகுதியை மட்டும் மாற்றும்போது விடை நூற்றுக்கணக்கான பிசிஎம் தாவுவதைக் காண்பீர்கள். இந்த உழைப்புக்கு நிகரான பாடம் இத்துறையில் வேறில்லை என்பது என் கருத்து. மாற்றும்போது மொத்தக் குறுக்குவெட்டைச் சமன்செய்ய மறந்துவிடக் கூடாது.

மூன்றாவதாக, விலகல்களைத் தனித்தனி எண்களாகப் பார்க்காமல் போக்குகளாகப் பாருங்கள். கிடை அச்சில் பிளவை உண்டாக்கும் நியூட்ரான்களின் சராசரி ஆற்றலையும், நெடு அச்சில் விலகலையும் இட்டு எல்லாச் சோதனைகளையும் குறியுங்கள். புள்ளிகள் சாய்ந்த கோட்டில் அமைந்தால், சராசரி விலகல் சுழியமாக இருந்தாலும் தரவில் குறை இருக்கிறது. அந்தச் சாய்வை உங்கள் உலையின் ஆற்றல் வரை நீட்டிப் பார்த்தால் அங்கே எவ்வளவு தவறுவீர்கள் என்பது புலப்படும்.

நிச்சயமின்மையைக் கணக்கில் எடுத்தல்

கோப்பின் 31 முதல் 35 வரையுள்ள பிரிவுகளில் உடன்மாறுபாட்டு அணிகள் இருக்கின்றன. பயன்படுத்தும் முன், ஒட்டுறவுகள் எல்லாம் -1க்கும் +1க்கும் இடையில் உள்ளனவா, அணிக்கு எதிர்ம ஐகன் மதிப்பு இல்லையா என்று பாருங்கள். உணர்திறன் கெழுக்களுக்கும் ஒரு சோதனை உண்டு: அமைப்பிலுள்ள எல்லா அணுக்கருக்களின் பிளவு நியூட்ரான் எண்ணிக்கைக்கான கெழுக்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். அதோடு, ஏதேனும் ஓர் அணுக்கருவின் அடர்த்தியை 1 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் நேரடியாகக் கணக்கிட்டு, கெழு சொல்வதும் அதுவும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கெழுக்களின் வரிசையை அணியின் இருபுறமும் பெருக்கினால், தரவினால் விளையும் நிச்சயமின்மை கிடைக்கும். சாதாரண நீருலைக்கு இது 500 பிசிஎம்-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வருகிறது. ஆனால் நீருலைப் பெஞ்ச்மார்க்குகளில் உண்மையான விலகல்களோ 100, 200 பிசிஎம்-க்குள் அடங்குகின்றன. புதியவர்கள் இதைக் கண்டு அணிதான் தவறு என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் வேறு: உடன்மாறுபாடுகள் பெரும்பாலும் தனித்தனி அளவீடுகளின் நிச்சயமின்மையைச் சொல்கின்றன, முழுக் கோப்பையும் காடைவா போன்ற சோதனைகளோடு பொருத்தியதால் உண்டான, வெவ்வேறு வினைகளுக்கிடையேயான ஒட்டுறவுகளை அவை சொல்வதில்லை. எனவே பெஞ்ச்மார்க்குகளுக்கு நெருக்கமான உலைக்கு அந்த 500 மிகைமதிப்பு. அவற்றிலிருந்து வெகுதூரம் விலகிய புதிய வடிவமைப்புக்கு அதுவே நேர்மையான மதிப்பு.

எரிப்பு, தாமத நியூட்ரான்கள், பதிப்பு மாற்றம்

புது எரிபொருளில் தேறிய தரவு, எரிபொருள் எரியும்போதும் தேறும் என்பதில்லை. ஈஎன்டிஎஃப்/பி-8.0 வெளியானபின், எரிப்பு (எரிபொருள் எவ்வளவு பயன்பட்டது என்ற அளவு) ஏற ஏற நீருலையின் பெருக்கக் காரணி முந்தைய 7.1 பதிப்பைவிடத் தாழ்ந்துகொண்டே போவதைப் பலர் கண்டார்கள். தொடக்க நிலைச் சோதனைகளில் அதற்கான அறிகுறி தெரியவில்லை. எரிந்த எரிபொருளின் வேதிப் பகுப்பாய்வு முடிவுகளை சிஃப்காம்போ தரவுதளத்திலிருந்து எடுத்து, புளுட்டோனிய ஐசோடோப்புகளையும் நியோடிமியத்தையும் ஒப்பிடுவதே இதற்கு வழி. தாமத நியூட்ரான் பின்னத்தை, அதாவது பிளவுக்குச் சற்றுப் பின் வெளிவரும் நியூட்ரான்களின் பங்கை, தனியாகச் சோதியுங்கள்: வெப்ப நியூட்ரான்களால் பிளவுபடும் யுரேனியம்-235க்கு 0.0065 அளவும், புளுட்டோனியம்-239க்கு 0.0021 அளவும் வர வேண்டும்.

சோதனைகளில் ஒரு பகுதியை, ஐந்தில் ஒன்றையாவது, கடைசிவரை தொடாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். பெஞ்ச்மார்க் முடிவுகளைக் கொண்டு தரவைத் திருத்துபவர்களுக்கு இது கட்டாயம். திருத்தப் பயன்பட்ட அதே சோதனைகளைக் காட்டித் திருத்தம் வெற்றி என்று சொல்வது கணக்கில் சேராது. தொகுப்பின் பதிப்போ, பதப்படுத்தும் நிரலின் பதிப்போ மாறும் ஒவ்வொரு முறையும் 6.67 எலக்ட்ரான் வோல்ட் முகட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். இதற்கான உள்ளீட்டுக் கோப்புகளையும் ஒப்பீட்டு நிரலையும் முதல் முறையே ஒரே கட்டளையில் ஓடும்படி அமைத்துவிட்டால், அடுத்த முறை ஓர் இரவில் முடிந்துவிடும்.